செம்புப் பஞ்சாங்கம்

மார்த்தாண்டத்து செல்போன் கடையில்
கொயர் பாட்டு ஏற்றித்தரச் சொல்லிக் கொடுத்த மெமரி கார்டில்
கடைப் பையன் ஷெறின்
தன்னுடையதையும் மறந்து ஏற்றிவிட்டிருந்தான்.
பதினொரு ஃபோல்டர். காப்பர் அல்மனாக்.
செம்புப் பஞ்சாங்கம் என்று நானே வைத்துக்கொண்டேன்.
எந்த நாட்டுக்காரர்கள் என்றுகூட அப்போது தெரியாது.

கடைசியில் வந்ததைத்தான் என் போன் மேலே காட்டும்.
அதனால் பதினொன்றில் தொடங்கினேன்.

கடையாலுமூட்டுக்கு மேலே, பதினேழாம் பிளாக், காலை மூன்று மணி.
நெற்றியில் லைட்.
இடது காதுக்குப் பாட்டு,
வலது காது பன்றிக்கும் பாம்புக்கும்.
ஒரு பாட்டு இருபத்துமூன்று நிமிடம், நாற்பத்தொரு மரம்.
பாடுகிறவன் பதினெட்டாவது மரத்தில்தான் வாய் திறக்கிறான்.
அதுவரை ஆர்கன்,
பிறகு யாரோ கதவைச் சாத்துகிறார்கள்,
பிறகு மறுபடி ஆர்கன்.
செவ்வாய்க்கிழமை பாதியில் மழை பிடித்துக்கொண்டது.
வெட்டு நின்றது. பாட்டை நிறுத்த மனம் வரவில்லை.

அடுத்த பிளாக் விஜிலா காதில் வாங்கிப் பார்த்துவிட்டுத்
திருப்பித் தந்தாள்:
‘இது என்னத்த பாட்டுட்டீ, மெஷினு கேடானது மாதிரி?’

சி.எஸ்.ஐ. சபையில் பத்தொன்பது வருடம் ஆல்டோ பாடியவள் நான்.
நாலு நாலாக எண்ணித்தான் பழக்கம்.
இவர்கள் ஏழில் திரும்பிவிடுகிறார்கள்.
எட்டாவதுக்குத் தூக்கிய கால் அந்தரத்தில் நிற்கும்.
ஒரு மாதத்தில் என் நடையே ஏழுக்கு மாறிவிட்டது.
ஞாயிற்றுக்கிழமை ஒரு அடி முன்னாலேயே நுழைந்துவிட்டேன்.
கொயர் மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

வெட்டி முடித்தால் பால் வடிய இரண்டு மணி நேரம்.
கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு, வெளிச்சம் வந்த தைரியத்தில்
ஒருநாள் இரண்டு காதிலும் வைத்தேன்.
வலது பக்கம் ஒரு கிட்டார் இருக்கிறது.
இத்தனை நாளும் இருந்திருக்கிறது.
பதினொன்று, பத்து, மறுபடி பதினொன்று என்று
எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று.

ஒன்பதாவது யாருக்கும் பிடிக்காதாம்.
மகன் அபிஷ் போனில் படித்துச் சொன்னான்.
நாலாவதுதான் பெரியதாம், ஒன்பது காசுக்காகச் செய்ததாம்.
இருக்கட்டும்.
காசுக்காகச் செய்கிற வேலை எனக்குத் தெரியும்.
அதில் மூன்றாம் பாட்டின் நடுவே
ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசிக்கிறான்.

எட்டு. ஏழு.
ஆறில் ஏதோ மாறிவிட்டது.
டிரம் அடிக்கிறவன் வேறு ஆள்.
அடியைக் கொஞ்சம் தாமதமாக வைக்கிறான்,
வருகிறேன் வருகிறேன் என்று வாசலில் நின்றுவிட்டு
உள்ளே வருகிறவன் போல.
அவன் வந்தபிறகுதான்
மற்றவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று புரிந்தது.
அபிஷைத் தேடச் சொன்னேன்.
‘கானர் விக்ஸ். ஆறாவது முடிஞ்சதும் செத்துப் போனான்மா.
லாறி மோதி.’

எனக்கு அவன் அன்றைக்குத்தான் வந்தான்.
ஐந்தில் இன்னும் தைரியமாக அடித்தான்.
நாலில் பெரியதுதான், ஒப்புக்கொள்கிறேன்.
மூன்றில் எல்லோருடனும் சண்டை போட்டிருக்க வேண்டும்.
இரண்டில் சின்னப் பையன், வேகம் தாங்கவில்லை.

ஒன்றில் எட்டுப் பாட்டு, எல்லாம் மூன்று நிமிடம்.
காதல், கடற்கரை, நாலுக்கு நாலு.
பாடுகிறவனுக்கு மூச்சு போதவில்லை.
எங்கள் வாலிபர் சங்கம் இதைவிட நன்றாகப் பாடும்.
மரத்தில் சாய்ந்து நின்று சிரித்தேன்.
ஆனால் கடைசிப் பாட்டின் கடைசி வரியில்
கானர் ஒரு அடியை விட்டுவிட்டான்,
தப்பாகத்தான்,
யாரும் திருத்தவில்லை.

அந்த வரிசை மரங்களில் இப்போது பழைய பக்கத்தைத்தான் வெட்டுகிறோம்.
முன்பு வெட்டிவிட்ட இடத்தில் பட்டை கூடியிருக்கிறது.
கத்தி முடிச்சில் தட்டும், பார்த்து இழுக்க வேண்டும்.
பால் வருகிறது.

வாளியோடு இறங்கும்போது விஜிலா
என் காலையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தாள்.
எண்ணினாள் போல.
‘எட்டாவது எங்கட்டீ?’

‘அது வராது. நீ கால எடுத்து வையி.’